காலை அளப்பவர் ஆளை அளப்பாரா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லி வைத்தனர் நம் முன்னோர். சொன்னவர் நெல்வயலுக்குச் சொந்தக்காரராக இருந்திருத்தல் வேண்டும். சப்ரகமுவ மலைச்சாரலிலே ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைப்பவர் எவரும் இப்படி ஒரு பழமொழியைப் படைத்திருக்க மாட்டார். ரப்பர்க் கன்றை நட்டவன் ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அடிமரத்தின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்த பின்னரே அதிலே கத்தி வைப்பது வழக்கம். ஒரே நாளில் நட்ட கன்றுகளிலே சில முந்தும், சில பிந்தும். பிந்தியதைப் பார்த்து, "இது பால் தராத மரம்" என்று எந்தக் கங்காணியும் தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வந்து நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்.

மரத்துக்குக் காட்டப்படும் இப்பொறுமை, விளையாட்டுத் திடலிலே நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்குக் காட்டப்படுகின்றதா என்பதே இன்று நாம் வாசகர்களோடு கலந்து பேச விரும்பும் விடயம்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கங்களிலே ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. பலாங்கொடை, இறக்குவானை மலைகளிலே தேயிலை. மழையோ கேட்கவே வேண்டாம். இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை; தகப்பனுக்குப் பேர் விழாத கவலை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். கிரிக்கெட் ஆட உலர்ந்த களம் வேண்டும், மட்டை வேண்டும், காலுக்கும் கைக்கும் கவசம் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் நாலு கல்லும் போதும். சேறு இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்து மைதானத்திலே பந்து உருளாத மாலைப் பொழுது அரிது எனலாம்.

அங்கே ஆடும் பிள்ளைகளிலே சிலர் உண்மையாகவே திறமைசாலிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தெரிவு நாளின் காட்சியை வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். வலயப் போட்டி முடிந்து மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் நாளாக அது இருக்கலாம். அல்லது நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்று (நம் நாட்டிலே பெரிய பாடசாலையைத்தானே கல்லூரி என்கிறோம்) புலமைப் பரிசில் கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் நாளாக இருக்கலாம். திடலிலே அறுபது பிள்ளைகள். தெரிவாளர் கையிலே நிறுத்தற் கடிகாரம். நகரத்துப் பிள்ளை தகப்பனாரின் வாகனத்தில் வந்து இறங்குகிறான். தோட்டத்துப் பிள்ளை இருட்டோடு எழுந்து, மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி, வளைவுகளிலே குமட்டிய வயிற்றோடு வந்து சேருகிறான். காலிலே அண்ணனுடைய பூட்ஸ். முனையிலே பழைய துணி அடைத்திருக்கிறது. ஆளுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்திலே தெரிவாளர் எதைப் பார்க்க முடியும்? உயரத்தைப் பார்க்கலாம்; ஓட்டத்தைப் பார்க்கலாம்; பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம். இம்மூன்றும் உடம்பைப் பற்றியவை. உடம்போ பிள்ளையின் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்வது போல அவனுடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதில்லை.

இதனை நாம் வெறும் அனுதாபத்தினாற் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் என்று கண்டது. தோட்டப் பகுதிகளிலே மட்டும் தனியாகக் கணக்கெடுத்தபோது அத்தொகை ஏறத்தாழ 32. அன்று தாயின் இடுப்பிலே இருந்த அந்தக் குழந்தைகளே இன்று பாடசாலை அணிகளுக்குத் தெரிவாகும் வயதிலே திடலுக்கு வருகின்றனர். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் உயரம் குறைந்திருக்கும் இடத்துக்குச் சென்று, உயரத்தைக் கொண்டு ஆள் தெரிந்தால், தெரியப்படுவது திறமை அன்று, சாப்பாடு.

சிறு வயதிலே ஏற்பட்ட குறை முழுவதும் பின்னர் ஈடாகிவிடும் என்று சொல்வதும் பொய்யாகும். சிலருக்கு ஈடாகும், பலருக்கு ஆகாது. ஆயினும் மருத்துவர் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு. ஆண் பிள்ளைகள் திடீரென வளரும் பருவம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது. ஆனால் ஒருவனுக்கு அது பன்னிரண்டிலும் இன்னொருவனுக்குப் பதினாறிலும் வரலாம். பிறந்த நாள் ஒன்றாக இருந்தும் ஒருவன் மீசை அரும்பிய வாலிபனாகவும் மற்றவன் சிறுவனாகவும் அருகருகே நிற்பதை எந்த ஒன்பதாம் வகுப்பிலும் காணலாம். போதாத உணவு இந்தத் தாமதத்தை மேலும் நீட்டுகிறது.

கனடா தேசத்திலே பனிச்சறுக்கு ஹொக்கி ஆடும் இளைஞரைப் பற்றி ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். உயர்ந்த அணிகளிலே இருந்தோரிற் பெரும் பங்கினர் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களிலே பிறந்தவர்கள்! கிரகபலனோ என்று வாசகர் மயங்க வேண்டாம். அங்கே வயதெல்லை ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கணக்கிடப்பட்டது. ஜனவரியிற் பிறந்தவன் டிசம்பரிற் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவன். பத்து வயதிலே ஒரு வயது என்பது பெரிய பலம். பெரியவனைத் திறமையானவன் என்று எண்ணித் தெரிந்தார்கள். தெரிந்தபின் நல்ல பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியினால் அவன் உண்மையிலேயே திறமையானவன் ஆனான். தவறான தெரிவு தன்னைத் தானே சரியென்று நிரூபித்துக்கொள்ளும் விதம் இதுதான். இங்கிலாந்திலே 2015ஆம் ஆண்டளவிலிருந்து சில உதைபந்தாட்டக் கழகங்கள் வயதை விட்டு, வளர்ச்சியின் கட்டத்தைப் பார்த்துச் சிறுவரைச் சேர்த்து ஆடவிட்டு நோக்குகின்றன. அதற்குத் தேவைப்படுவது அளவுகோலும் தராசும் கொஞ்சம் கணக்கும் மாத்திரமே.

ஆள் தெரியும் கலையை ஒரு பெருந் தொழிலாகவே வளர்த்துவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே 'ஃபுட்போல்' என்பது நம் உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையிலேந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். றக்பிக்குத் தம்பி முறை. பல்கலைக்கழகங்கள் தம் அணிகளுக்காக உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைகின்றன. பிள்ளைகளுக்கு ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று ஹோட்டல்களுக்குப் போலத் தரம் போடுகின்றனர். 40 யார் ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கின்றனர். பல்கலைக்கழகத்தை முடித்துத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் இளைஞருக்கு, 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட அறிவுப் பரீட்சையையும் நெடுங்காலம் வைத்தனர். 2022இலே அதனைக் கைவிட்டனர்.

இத்தனை அளந்தும் அவர்கள் கோட்டை விட்ட கதைகள் ஏராளம். கலிபோர்னியா மாநிலத்தில் ஃபயர்போ என்ற சிற்றூர், சுற்றிலும் பண்ணைகள். அங்கே ஜோஷ் அலன் என்ற விவசாயி மகன் ஒருவன் இருந்தான். பாடசாலையை முடிக்கும்போது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றிலே ஆடினான். நாடெங்குமுள்ள பயிற்றுவிப்பாளர்களுக்குத் தானே கடிதம் எழுதினான். வயோமிங் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 2018இலே தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது ஏழாவதாக எடுக்கப்பட்டான். 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. இடையிலே அவன் 'அவர்' ஆகிவிட்டதை வாசகர் கவனித்திருப்பர்!

தெரிவாளருடைய வேலை ஒருவனை ஏற்பதும் தள்ளுவதும் மட்டுமா? கண்டியைப் பார்ப்போம். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இலே தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிலே படித்தபோது மிதவேகப் பந்துவீச்சாளன். ஆளோ உயரமில்லை. உயரத்தைப் பார்த்து ஒதுக்கிவிடுவது எளிது. பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ அவ்வாறு செய்யாமல், பதினான்கு வயதளவிலே அப்பிள்ளையைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். வேகத்துக்குப் போதாத உடம்பு சுழலுக்குப் போதும் என்று கண்டார் அவர். 2010 ஜூலையிலே காலியில் அந்தப் பிள்ளையின் டெஸ்ட் விக்கெட் தொகை 800 ஆயிற்று. 1995இலே மெல்பேர்ணில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் கை நீட்டியபோதும், பின்னர் அதே குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் எழுந்தபோதும், அவர் ஆய்வுகூடத்துக்குச் சென்று கையை அளக்கக் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பவும் பந்து வீச வந்தார். அந்த மனத்திடத்தைப் பதினான்கு வயதிலே எந்த நாடா கொண்டு அளந்திருக்க முடியும்?

இங்கேதான் குணம் என்ற சிக்கலான பொருளுக்கு வருகிறோம். திறமையை விடக் குணத்தை அறிவது கடினம். தவறாக அறிவதோ மிக எளிது. தெரிவாளர் கேட்கிறார்:

"தம்பி, எந்த இடத்தில் ஆடுவாய்?"

"எங்கே விட்டாலும் ஆடுவேன், சேர்."

தலை குனிந்திருக்கிறது, கைகள் பின்னாலே கட்டியிருக்கின்றன, குரல் தொண்டைக்கு வெளியே வரவில்லை. 'தன்னம்பிக்கை போதாது' என்று தாளிலே குறிப்பு விழுகிறது. பாவம், அந்தப் பிள்ளை கற்ற மரியாதை அது. பெரிய துரையின் முன்னாலும், கிளாக்கர் ஐயா முன்னாலும், பாட்டனும் தகப்பனும் நின்ற நிலையை அவன் பார்த்து வளர்ந்திருக்கிறான். பதவியிலிருப்பவர் கேட்டால் 'நான் இதிலே கெட்டிக்காரன்' என்று சொல்வது அவன் வீட்டிலே பண்பில்லாத செயல். அதே பிள்ளை தோட்டத்து மைதானத்திலே நடுவில் நின்று பதினொரு பேரையும் அதட்டி ஆட்டுவிப்பதை அத் தெரிவாளர் கண்டதில்லை. பேசும் மொழியும் வேறாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சப்ரகமுவவிலே தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். பிள்ளைகள் கடைத்தெருச் சிங்களம் பேசுவர். ஆயினும் அதிகாரி ஒருவர் வேகமாகக் கேட்கும் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல அது போதாது. மௌனம் மந்தபுத்தியாகக் கணக்கிடப்படுகிறது.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. அடங்கி நடப்பதே நற்குணம் என்று கொள்வோரும் உளர். கேகாலை மாவட்டத்திலே வரக்காப்பொலைக்கு அண்மையில், ஏழைக் கிராமக் குடும்பமொன்றிலே 1975இல் பிறந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 1997இலே ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்திலே வெள்ளி வென்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே அதே ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டபின், 2009இலே வெள்ளிப் பதக்கம் இவருக்கு உரியதாயிற்று. 1948இலே டங்கன் வைற் வென்ற பின்னர் இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் இதுவே. விளையாட்டு அதிகாரிகளோடு அவர் பலமுறை முரண்பட்டதும், மனத்திலே பட்டதை வெளிப்படையாகப் பேசியதும் நாடறிந்தவை. கீழ்ப்படிதலுக்குப் புள்ளி போட்டிருந்தால் எத்தனை புள்ளி கிடைத்திருக்குமோ! ஓடுகளத்திலே 22.28 நொடிகள் ஓடி முடிக்க உதவிய பிடிவாதமும் அதிகாரியை எதிர்த்துப் பேசிய பிடிவாதமும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. வாயாடி என்று பெயரெடுத்த பிள்ளையை அணியிலே சேர்க்கத் தயங்குகிற இடங்கள் இன்றும் உள்ளன.

மூன்றாவது தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது. பிள்ளையைப் பார்க்காமல் வீட்டைப் பார்ப்பது. தகப்பன் குடிக்கிறவன், ஆகவே பையனும் அப்படித்தான் ஆவான். தகப்பன் இன்ன தொழிற்சங்கம். இவர்கள் இன்ன சாதி. மேல் லயத்துக்காரர், கீழ் லயத்துக்காரர். பிறப்புச் சான்றிதழ் தாமதமாகப் பதிவாகியிருந்தால், வயதிலே கள்ளம் என்று ஒரு சந்தேகம். தோட்டங்களிலே பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் எத்தனை குடும்பங்களுக்குப் பெரும்பாடாக இருந்தன என்பதை அறிந்தவர் அப்படிச் சந்தேகிக்க மாட்டார். குணத்தை விசாரிக்கிறோம் என்ற பெயரிலே இவையெல்லாம் உள்ளே நுழைந்துவிட்டால், நிறுத்தற் கடிகாரமே மேல் என்று சொல்ல வேண்டி வரும். கடிகாரத்துக்குச் சாதி தெரியாது.

அப்படியானால் குணத்தைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும், பார்க்க வேண்டிய இடம் வேறு. அமெரிக்கப் பயிற்றுவிப்பாளரிலே கைதேர்ந்தவர்கள் பிள்ளையின் வீட்டுக்கே சென்று, அவன் தாயோடு எப்படிப் பேசுகிறான் என்று கவனிப்பார்களாம். பாடசாலையைக் கூட்டுபவரையும் விசாரிப்பார்களாம். நம் தோட்டங்களிலே இதற்குக் குறைவில்லை. கோல் தவறவிட்ட மறு நிமிடம் அவன் பந்தைத் தேடி ஓடுகிறானா, தலையிலே கை வைத்துக்கொண்டு நிற்கிறானா? மத்தியஸ்தர் பிழையாக ஊதியபோது என்ன செய்தான்? தன்னைவிடச் சின்னவன் ஆட்டத்துக்கு வந்தால் பந்தைத் தருகிறானா? போன முறை தெரிவாகாதவன் அடுத்த நாள் மைதானத்துக்கு வந்தானா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவை இல்லாமலேகூடச் சமாளிக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். இவற்றைத் தெரிவாளர் அறியார். தோட்டப் பாடசாலையிலே கணக்கும் படிப்பித்து உடற்பயிற்சியும் கொடுக்கும் மாஸ்டர் அறிவார். கூட ஆடும் பிள்ளைகள் அவரைவிட நன்றாக அறிவர். அவர்களைக் கேட்பவர்தாம் இல்லை.

சரி, பிள்ளை தெரிவாகிவிட்டான். கொழும்பிலோ கண்டியிலோ கல்லூரி, விடுதி, சப்பாத்து முதல் சாப்பாடு வரை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். நாட்சம்பளம் 2021இலே 1,000 ரூபாயாகவும் 2024இலே 1,350 ரூபாயாகவும் உயர்ந்த போதிலும், ஒரு சோடி நல்ல பூட்ஸ் வாங்க எத்தனை நாட் பேர் வேண்டும் என்பதை அறிந்த தாய் தகப்பனுக்கு இது பெரும் பாக்கியமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாகச் சில கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். அங்கே தமிழ் மொழியிலே வகுப்பு உண்டா? சாதாரண தரப் பரீட்சை வரும் மாதத்திலே பயிற்சியிலிருந்து விடுதலை உண்டா? முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? முறிந்த காலோடு அவன் அங்கேயே படிக்கலாமா, அல்லது பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்களா? அமெரிக்காவிலே 1973இல் விளையாட்டுப் புலமைப் பரிசிலை ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று விதியை மாற்றினர். காலொடிந்தவனைக் கைவிட அது வசதியாயிற்று. பலவாண்டுப் பரிசிலை மீண்டும் அனுமதிக்க 2012 வரை சென்றது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அப்படியென்றால், நாம் எழுத்திலே கேட்டு வாங்குவதிலே வெட்கம் என்ன?

படிப்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேசிய மட்டத்திலே விளையாட்டிற் சிறந்தோருக்கென நம் பல்கலைக்கழகங்களிலே ஒரு சிறு பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவிலே, தேயிலை மலைகளின் அடிவாரத்திலிருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலே உடற்கல்விக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அங்கே படித்து விளையாட்டு ஆசிரியனாகத் திரும்பி வந்தால், அடுத்த தெரிவு நாளிலே தாளும் பேனையும் அவன் கையிலேயே இருக்கும். ஆயினும் எந்த வழியாகப் போனாலும் உயர்தரப் பரீட்சையிலே சித்தி வேண்டும். பந்து மட்டும் அந்தக் கதவைத் திறக்காது.

அதுவரைக்கும் தோட்டப் பாடசாலைகளிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். பிள்ளைக்கு இரண்டு பக்கம். மாதத்தின் முதல் வாரத்திலே உயரமும் நிறையும். காலணி இன்றி, சுவரிலே கோடு போட்டு அளந்தது. பக்கத்திலே ஒரு வரிக் குறிப்பு: இந்த மாதம் எந்த இடத்தில் ஆடினான், எதைப் புதிதாகக் கற்றான், தோற்ற நாளில் எப்படி இருந்தான். தகப்பன் பெயரோ சங்கத்தின் பெயரோ அதிலே வேண்டியதில்லை. தெரிவு நாளன்று மாஸ்டர் அக்கொப்பியைக் கையோடு கொண்டு செல்லலாம். இருபது நிமிடம் பார்ப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் பார்த்தவரின் கணக்கை நீட்டலாம். அவர் வாங்கிப் பார்க்க மறுத்தாலும் பரவாயில்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் மலையிறங்கும்போது, அதிலே இன்னும் பன்னிரண்டு கோடுகள் ஏறியிருக்கும்.